காசில்லாமை ஒரு தகுதியாகுமா? சுயாதீனப் படங்கள் குறித்து ஒரு ரசிகனின் மதிப்பீடு

சுயாதீனத் திரைப்படம் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால், படம் எப்படி இருக்கிறது என்பதற்கு முன்பாகவே அது எவ்வளவு குறைந்த செலவில் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இயக்குநர் வீட்டை அடமானம் வைத்தார், நடிகர்கள் சம்பளம் வாங்கவில்லை, இரவல் கேமராவில் படம்பிடித்தார்கள் என்றெல்லாம் அடுக்கிய பிறகு, படத்தில் குறை சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. இந்த அனுதாபம் அப்படங்களுக்கு நன்மை செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. பணமில்லாமல் எடுத்ததாலேயே ஒரு படம் மதிப்புப் பெற்றுவிடாது. பணமில்லாத அந்த நிலையில் இயக்குநர் என்னென்ன முடிவுகளை எடுத்தார், அம்முடிவுகள் திரையில் என்னவாக வந்து நின்றன என்பதையே நான் பார்க்கிறேன். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், போற்றப்படும் பல படங்கள் சுமாராகத் தெரிகின்றன. அதிகம் பேசப்படாத சில படங்கள் மிக உயரத்தில் நிற்கின்றன.

பெரிய ஸ்டுடியோவின் பணம் இல்லாமல் எடுக்கப்பட்ட படமே சுயாதீனப் படம் என்பது வழக்கமான விளக்கம். இது எனக்குப் போதவில்லை. ஷான்டல் ஆக்கர்மான் 1975இல் எடுத்த 'ழான் தீல்மான்' பெல்ஜிய அரசின் உதவித்தொகையைக் கொண்டு உருவானது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' பணமின்றிப் பாதியில் நின்றபோது அதை முடிக்க உதவியதும் மேற்கு வங்க அரசின் நிதிதான். இவ்விரண்டையும் சுயாதீனப் படங்கள் அல்ல என்று எவராலும் தள்ளிவிட முடியாது. மறுபுறம், சொந்தப் பணத்தில் தொடங்கி, விநியோகஸ்தர் ஒருவரின் கண்ணசைவுக்காக முடிவை மாற்றிக்கொண்ட சிறுமுதலீட்டுப் படங்களும் ஏராளம். ஆகவே பணம் யாருடையது என்பதைவிட, எந்தக் காட்சி இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்னும் இறுதி முடிவு யார் கையில் இருந்தது என்பதே எனக்கு முக்கியம்.

பற்றாக்குறை ஒரு படத்தின் வடிவமாகவே மாறிவிடக் கூடும் என்பதற்கு நான் எப்போதும் முதலில் காட்டுவது கெவின் ஸ்மித்தின் 'கிளர்க்ஸ்' (1994). ஸ்மித் தாம் வேலைபார்த்த கடையிலேயே, வியாபாரம் முடிந்து கடை மூடிய பிறகு இரவில் அந்தப் படத்தை எடுத்தார். கதையோ ஒரு பகல்பொழுதில் நடக்கிறது. வெளியே இருட்டாக இருப்பதைப் பார்வையாளர் கண்டுவிடக் கூடாது என்பதற்காக, கடையின் இரும்பு ஷட்டர் பூட்டுகளுக்குள் யாரோ சூயிங்கம்மைத் திணித்துவிட்டதால் அவற்றைத் திறக்கவே முடியவில்லை என்று கதையிலேயே எழுதிவிட்டார். கடை திறந்துதான் இருக்கிறது என்று நாயகன் துணியில் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட வேண்டியதாகிறது. மூடிய ஷட்டர்களுக்குள் நாள் முழுவதும் அடைபட்டுக் கிடக்கும் ஓர் இளைஞனின் புழுக்கம், ஒளியமைப்புச் சிக்கலுக்குக் கிடைத்த தீர்விலிருந்தே பிறந்திருக்கிறது. படம் முழுவதும் எனக்குப் பிடித்தமானதன்று. இரண்டு பேரை ஒரே சட்டகத்தில் நிற்கவைத்துப் பக்கம் பக்கமாகப் பேசவிடும் காட்சிகள் சில இடங்களில் சலிப்பூட்டுகின்றன. நடிப்பிலும் ஒப்பித்தல் தொனி தெரிகிறது. இருந்தாலும் அந்த ஷட்டர் ஒன்றுக்காகவே, படமெடுக்க விரும்பும் எவருக்கும் இதைப் பரிந்துரைப்பேன்.

ராபர்ட் ரோட்ரிகஸின் 'எல் மரியாச்சி' (1992) பற்றிய கதை இன்னும் பெரிது. ஏழாயிரம் டாலரில் எடுத்த படம் என்றும், அந்தப் பணத்துக்காக அவர் மருந்துப் பரிசோதனைக்குத் தம் உடலையே கொடுத்தார் என்றும் சொல்லிச் சொல்லி, அது ஏறத்தாழ ஒரு தலபுராணமாகிவிட்டது. அந்தத் தொகை படப்பிடிப்புக்கு மட்டுமே ஆனது. படத்தை வாங்கிய ஸ்டுடியோ, திரையரங்குக்கு உரிய பிரதியாக அதை மாற்றவும் ஒலியைச் செப்பனிடவும் அதைப்போலப் பல மடங்கு செலவழித்தது என்பது அந்தக் கதையில் பெரும்பாலும் விடுபட்டுவிடும். எனக்குச் சுவையானது வேறொன்று. அவருடைய கேமரா அதிகமாக இரையும் என்பதால் நடிக்கும்போதே வசனத்தைப் பதிவுசெய்ய வழியில்லை. ஒவ்வொரு ஷாட்டையும் எடுத்த பிறகு நடிகர்களை மறுபடியும் வசனத்தைச் சொல்லச் செய்து தனியாக ஒலிப்பதிவு செய்துகொண்டார். உதட்டசைவும் குரலும் விலகத் தொடங்கும் இடங்களில் சட்டென்று வேறொரு ஷாட்டுக்குத் தாவினார். அந்தப் படத்தின் துடிப்பு என்று ரசிகர்கள் கொண்டாடும் வெட்டுக்களில் கணிசமானவை இப்படி உண்டானவையே. குறையை மூடி மறைக்கச் செய்த வேலை அவருடைய நடையாகவே நிலைத்துவிட்டது. அதற்குப் பின் அவரைப் பார்த்துப் படமெடுத்தவர்கள் பலர் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வேகத்துக்கு ஒரு காரணம் இருந்ததை மறந்துவிட்டார்கள்.

இவ்விரண்டையும்விட ஜிம் ஜார்முஷின் 'ஸ்ட்ரேஞ்சர் தேன் பேரடைஸ்' (1984) எனக்கு நெருக்கமானது. இதன் முதல் பகுதி, ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் தம் படத்துக்குப் பயன்படுத்தியது போக மிச்சமிருந்த ஃபிலிம் சுருள்களைக் கொண்டு ஒரு குறும்படமாக எடுக்கப்பட்டது. பின்னர்தான் முழுநீளப் படமாக வளர்ந்தது. ஒவ்வொரு காட்சியும் ஒரே ஷாட். அது முடிந்ததும் திரை சில நொடிகளுக்கு முழுக் கருப்பாகிவிடும். பிறகு அடுத்த ஷாட். அளந்து செலவழிக்க வேண்டிய ஃபிலிமை வைத்துக்கொண்டு நாலா கோணங்களிலும் எடுத்துப் பிறகு வெட்டி ஒட்டலாம் என்று நினைக்க முடியாது. ஜார்முஷ் அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே படத்தின் இலக்கணமாக ஏற்றுக்கொண்டார். அந்தக் கருப்பு இடைவெளிகளில் நகைச்சுவை எப்படி ஊறி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய ஏரியைக் காண வேண்டும் என்று மூவர் குளிரில் வெகுதூரம் வந்து சேர்கிறார்கள். ஏரி உறைந்துபோய், பனியும் வானமும் ஒன்றாகிவிட்டதால் அவர்கள் முன்னால் வெறும் வெள்ளைதான் இருக்கிறது. கேமரா அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் நின்று அந்த வெள்ளையைக் காட்டுகிறது. யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. திரை கருப்பாகிறது. அந்தக் கருப்பில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. வழக்கமான படத்தொகுப்பில் அவர்களுடைய ஏமாந்த முகங்களுக்கு ஒரு குளோசப் வைத்திருப்பார்கள். அத்துடன் அந்தக் காட்சி செத்திருக்கும்.

நடிப்புக்கு வருவோம். ஜான் கேசவெட்டிஸின் 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' (1974) எந்த ஸ்டுடியோவும் பணம் போடாத படம். நடிகர் பீட்டர் ஃபாக் தம் சொந்தப் பணத்தைப் போட்டு உடன் நடித்தார். விநியோகத்தையும் கேசவெட்டிஸே பார்த்துக்கொண்டார். இரவு வேலை முடிந்து கணவன் தன் சக தொழிலாளிகள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைத்து வருகிறான். மனைவி மேபல் எல்லோருக்கும் சமைத்துப் பரிமாறி, ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக் கலகலப்பாகப் பேசுகிறாள். யாரோ பாடத் தொடங்குகிறார். அவளுடைய உற்சாகம் நூலளவு கூடிப்போகிறது. கணவன் ஒரு சத்தம் போடுகிறான். மேசையே உறைந்துவிடுகிறது. அந்தக் காட்சியில் அவள் செய்த தவறு என்ன என்று கேட்டால் ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனாலும் மேசையைச் சுற்றி இருந்த ஒவ்வொருவரும் அதை உணர்ந்துவிட்டார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. மேபலாக நடித்த ஜீனா ரோலண்ட்ஸின் முகத்தைத் தேடி அலையும் கேமரா சில இடங்களில் ஃபோகஸைத் தவறவிடுகிறது. சந்தைக்காகச் செய்யப்படும் படத்தில் அத்தகைய ஷாட்டுகள் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். இங்கே அவை இருப்பதால்தான் அடுத்து அவள் என்ன செய்வாள் என்று யாருக்கும் தெரியாத பதற்றம் கிடைக்கிறது. படம் நீளமானது, பார்ப்பவரைக் களைத்துப்போகச் செய்வது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனம் சோர்ந்திருக்கும் நாளில் இதைத் தொட வேண்டாம்.

பார்பரா லோடனின் 'வாண்டா' (1970) குறித்து நான் எவ்வளவு எழுதினாலும் எனக்குத் திருப்தி வருவதில்லை. லோடனே எழுதி, இயக்கி, மையப் பாத்திரத்திலும் நடித்தார். நான்கே பேர் கொண்ட குழுவுடன் 16 எம்.எம். ஃபிலிமில் படம் உருவானது. நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வாழும் ஒரு பெண், விவாகரத்து வழக்கில் பிள்ளைகள் தகப்பனிடமே இருக்கட்டும் என்று தயக்கமின்றிச் சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். பிறகு கையில் கிடைத்த ஆண்களின் பின்னால் போகிறாள். அவர்களில் ஒருவன் வங்கிக் கொள்ளைக்குத் திட்டமிடுகிறான். கதையாகச் சொன்னால் ஒரு குற்றப் படம்போலத் தோன்றும். படத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு ஷாட் இந்த எண்ணத்தை அடியோடு கலைத்துவிடுகிறது. கரிக்குவியல்களுக்கு நடுவே, வெளிர்நிற உடையணிந்த ஒரு சிறு உருவம் நடந்துபோகிறது. கேமரா வெகுதொலைவில் இருக்கிறது. அந்த உருவம் சட்டகத்தைக் கடந்து போகும்வரை ஷாட் முடிவதில்லை. முடியைச் சுருட்டும் உருளைகளைத் தலையிலிருந்து கழற்றாமலேயே அவள் நீதிமன்றத்துக்கும் போய் நிற்கிறாள்.

இந்தப் படத்தை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், லோடன் தம் நாயகியை நமக்குப் பிடிக்கச் செய்ய எந்த முயற்சியும் எடுக்கவில்லை என்பதுதான். அவளுக்கு ஒரு துயரமான கடந்தகாலம் கொடுக்கப்படவில்லை. விழித்தெழும் காட்சி கிடையாது. அவளை எதிர்த்து நிற்கவைத்துக் கைதட்டல் வாங்கும் வசனமும் கிடையாது. எவ்வளவு திறமையான தயாரிப்பாளராக இருந்தாலும் இந்த இடத்தில் தலையிட்டிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தலையிட யாரும் இல்லாமல் போனதே படத்தின் பலம். வெனிஸ் திரைவிழாவில் பரிசு பெற்றும், 1980இல் இறக்கும்வரை லோடனால் மற்றொரு முழுநீளப் படத்தை இயக்க முடியவில்லை. சுதந்திரத்தின் சிறப்பைப் பற்றிப் பேசும்போது அதன் இந்தப் பக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது: தலையிட ஆளில்லாத இடத்தில் தாங்கிப்பிடிக்கவும் ஆளிருப்பதில்லை.

சார்லஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' இதற்கு இன்னொரு சாட்சி. பல்கலைக்கழகப் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக, வார இறுதிகளில், பெரும்பாலும் தொழில்முறையல்லாத நடிகர்களைக் கொண்டு பர்னெட் இதை எடுத்தார். படம் 1977இல் முடிந்தது; ஆனால் முறையான திரையரங்க வெளியீடு 2007இல்தான் வாய்த்தது. காரணம், படத்தில் ஒலிக்கும் பாடல்களின் உரிமைத்தொகை. படத்தின் மொத்தச் செலவைவிட அப்பாடல்களுக்கு இறுதியில் கொடுக்கப்பட்ட தொகை பல மடங்கு அதிகம். பாடல்களை எடுத்துவிட்டு வெளியிட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள், இறைச்சிக்கூடத் தொழிலாளியான ஸ்டானும் அவன் மனைவியும் இருட்டிய அறையில் நடனமாடும் காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும். பாட்டு முடிந்ததும் அவன் ஒன்றும் சொல்லாமல் விலகிப் போகிறான். பாடல் அங்கே பின்னணியாக ஒலிக்கவில்லை. அவளுக்கு அவனோடு இருக்க அந்தப் பாட்டின் நீளம் மட்டுமே கிடைத்தது.

அதே படத்தில் வரும் இயந்திரக் காட்சியை எந்த நகைச்சுவைப் படத்துக்கும் ஈடாகச் சொல்வேன். ஸ்டானும் நண்பனும் அரும்பாடுபட்டுச் சேர்த்த காசில் ஒரு பழைய கார் இயந்திரத்தை வாங்கி, மாடிப்படிகளில் மூச்சிரைக்கத் தூக்கி வந்து, சிறிய டிரக்கின் பின்விளிம்பில் வைக்கிறார்கள். விரல் நசுங்குகிறது. இன்னும் உள்ளே தள்ளிவைக்க வேண்டும் என்று ஸ்டான் சொன்னால், இது போதும் என்கிறான் நண்பன். வண்டி கிளம்புகிறது, இயந்திரம் சாலையில் விழுந்து உடைகிறது. இறங்கிப் பார்க்கிறார்கள், அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். போகும் வண்டியின் பின்புறத்திலிருந்து, சாலையில் கிடக்கும் அந்த இயந்திரம் சிறுத்துக்கொண்டே போவதைக் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏழ்மையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஏழ்மையில் இருப்பவர்களின் ஒரு பிற்பகல் எதில் வீணாகிறது என்பது மட்டும் துல்லியமாக இருக்கிறது.

இனி என் குறைகள். முதற்குறை ஒலி. மங்கலான படத்தைக் கண் விரைவில் பழகிக்கொள்ளும். தெளிவற்ற வசனத்தைக் காது ஒருபோதும் மன்னிப்பதில்லை. நான் பார்க்க நேரும் சிறுமுதலீட்டுப் படங்களில் பெரும்பாலானவை கேமராவுக்கும் லென்சுக்கும் காசைக் கொட்டிவிட்டு, ஒலிப்பதிவாளரைக் கடைசி நிமிடத்தில் தேடியவை என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. காற்றின் இரைச்சல், குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம், ஒரே உரையாடலுக்குள் ஷாட் மாறும்போது மாறிவிடும் அறையின் ஒலி ஆகியவற்றை யதார்த்தம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இரண்டாவது குறை, திரைவிழாக்களுக்கென்றே வார்க்கப்படும் ஒரு நடை: நடந்துபோகும் மனிதனின் பிடரியைத் தொடரும் கேமரா, எதற்கும் விடை சொல்லாத நாயகன், திடீரென்று அறுபடும் முடிவு. ஒருகாலத்தில் இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கண்டுபிடிப்பு. இன்று அவை வணிகப் படத்தின் அறிமுகப் பாட்டைப் போலவே முன்கூட்டி எதிர்பார்க்கத்தக்க சடங்குகளாகிவிட்டன. மெதுவாக நகரும் படம் என்பதாலேயே அது ஆழமான படமாகிவிடாது.

நீளத்தைச் சம்பாதித்துக்கொண்ட படம் எப்படி இருக்கும் என்பதற்கு மீண்டும் ஆக்கர்மானிடம்தான் போக வேண்டும். 'ழான் தீல்மான்' மூன்று மணி இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. அசையாத கேமரா முன்னால் ஒரு விதவை சமைக்கிறாள், பாத்திரம் துலக்குகிறாள், படுக்கையை விரிக்கிறாள். முதல் நாள் முழுவதும் அவளுடைய ஒழுங்கை நமக்கு மனப்பாடமாக்கிவிடுகிறார் இயக்குநர். இரண்டாம் நாளில் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. அவள் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்குள் இங்குமங்கும் நடக்கிறாள். எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு படபடத்தது. முந்தைய மணி நேரங்களை வெட்டிச் சுருக்கியிருந்தால், வெந்து கெட்டுப்போன கிழங்கு வெறும் கிழங்காகவே இருந்திருக்கும். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2022இல் விமர்சகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் இது முதலிடம் பெற்றபோது எழுந்த சலசலப்பு எனக்கு வியப்பளிக்கவில்லை. தரவரிசையில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் இந்தப் படத்தைக் கைபேசியில், ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்பவர்களுடன் வாதாடவும் எனக்கு விருப்பமில்லை.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) இதற்கு நேர்மாறாகச் சுருக்கத்தில் வென்ற படம். ராட்டர்டாம் திரைவிழாவின் டைகர் விருதைப் பெற்ற இது, ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. குடிகாரத் தகப்பனும் மகனும் சுட்டெரிக்கும் வெயிலில் நடக்கிறார்கள். தாகத்துக்காகச் சிறுவன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீடு சேர்ந்ததும் அதை எடுத்து, முன்பே சேர்ந்திருக்கும் கற்களோடு போடுகிறான். இத்தகைய நடைகள் இதற்கு முன் எத்தனை நடந்திருக்கும் என்பதை அந்தக் கற்குவியல் ஒரே ஷாட்டில் சொல்லிவிடுகிறது. முன்கதைக் காட்சி ஒன்றும் தேவைப்படவில்லை. இடையிடையே வேறு மனிதர்களின் பக்கம் கேமரா திரும்பும் இடங்களில் ஓரிரண்டு எனக்குச் சற்று வலிந்து சேர்த்தவையாகப் பட்டன. மற்றபடி இந்தப் படத்தில் கழிக்கத்தக்கது குறைவு.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஷான் பேக்கர் 2015இல் 'டாஞ்சரின்' படத்தை ஐபோன் 5எஸ் கைபேசிகளில், கூடுதலாக ஒரு லென்ஸைப் பொருத்தி எடுத்தார். அன்று அதுவே செய்தியானது. இன்று அதைப் பார்க்கும்போது கைபேசி நினைவுக்கு வருவதில்லை. ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே விரையும் இரண்டு தோழிகளும், அவர்கள்மேல் விழும் ஆரஞ்சு வெயிலும்தான் நினைவில் நிற்கின்றன. பருத்த கேமராவும் விளக்குகளும் இல்லாததால் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அந்தப் படத்துக்குக் கிடைத்த உண்மையான லாபம். கைபேசியில் எடுத்தோம் என்பதையே விளம்பரமாக வைத்துப் பின்னால் வந்த படங்களில் இந்த லாபத்தைப் பயன்படுத்தியவை அரிது.

இவ்வகைப் படங்களுக்குப் புதியவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்றால், 'ஸ்ட்ரேஞ்சர் தேன் பேரடைஸ்' அல்லது 'கூழாங்கல்' சரியான வாசல். இரண்டும் குறுகியவை, இரண்டிலும் கதை புரியாமல் போகும் ஆபத்தில்லை. அடுத்து 'கில்லர் ஆஃப் ஷீப்'. 'வாண்டா'வையும் கேசவெட்டிஸையும் ஒரே வாரத்தில் பார்க்க வேண்டாம்; ஒன்றன் பாரம் மற்றொன்றின்மேல் விழும். ஆக்கர்மானுக்கு இடைவேளையில்லாத ஒரு நாள் ஒதுக்க வேண்டும். பலரும் முதலில் கைகாட்டும் 'பிரைமர்' (2004) என் பட்டியலில் கடைசியாகத்தான் வரும். ஷேன் கேரூத் தாமே எழுதி, இயக்கி, நடித்து, தொகுத்து, இசையும் அமைத்த அந்தக் காலப்பயணப் படத்தில், பாத்திரங்கள் பேசும் தொழில்நுட்பப் பேச்சுக்கு விளக்கமே கிடையாது. பார்வையாளனைக் குழந்தையாக நடத்தாத அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நண்பர்களில் எவருக்கு என்ன நேர்ந்தாலும் எனக்குக் கவலை ஏற்படவில்லை. காலக்கோடுகளைத் தாளில் வரைந்து புதிரை விடுவித்த பிறகும் அந்த நிலை மாறவில்லை.